பத்து நிமிஷம் கூடின மணிக்கூடு

போன கிழமை புளியடிக்குடா ஸ்டேசனின் புது மாஸ்டர் என்னைத் தேடிக்கொண்டு உப்புவெளிக்குச் சைக்கிளில் வந்தார். இளம் ஆள், மரியாதையான பிள்ளை. இருக்கச் சொன்னால் பாதிக் கதிரையில்தான் இருக்கிறார். சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். மேலே 'ஸ்டேசனின் வரலாறும் வசதிகளும்' என்று தலைப்பு. கீழே பத்துக் கோடு. மேலிடத்தில் கேட்டிருக்கிறார்களாம்.

"ஐயா, நீங்கள்தானே அங்க கனகாலம் இருந்தனீங்கள். எப்ப கட்டினது, என்னென்ன கிடக்குது எண்டு சொன்னியளெண்டால் நான் எழுதிப்போடுவன்."

பத்துக் கோடு! ரயில்வேயில் முப்பது வருஷம் குப்பை கொட்டியவனிடம் வந்து பத்துக் கோட்டில் சொல்லு என்றால் கோபம் வராதா? தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிட்டேன். ஆனால் அவர் படலையைத் தாண்டுவதற்கு முதலே எனக்கு வாய் ஊறத் தொடங்கிவிட்டது. மகளுடைய பழைய கொப்பி ஒன்றை எடுத்துப் பின்பக்கமிருந்து எழுதுகிறேன். கோடு எத்தனை வருகிறது என்று அவரே பார்த்துக்கொள்ளட்டும்.

வசதிகள் என்றால் வசதிகள்தான்! யுத்த காலத்தில் துறைமுகம் முழுக்கப் போர்க்கப்பல். அந்தப் படைகளுக்காக வெள்ளைக்காரன் கட்டிய ஸ்டேசன் அது. பிளாட்போர்மின் நீளம் என்ன நீளம்! பிறகு வந்த எங்கள் நாலு பெட்டி ரயில் அதில் நிற்பதைப் பார்த்தால், கலியாணப் பாயில் கைக்குழந்தையைக் கிடத்தின மாதிரி இருக்கும். வெயிட்டிங் ரூம் மட்டும் மூன்று. அதில் ஒன்று அதிகாரிமாருக்கு. சுவர் நிறைய நிலைக்கண்ணாடி. சுதந்திரத்துக்குப் பிறகு அதிகாரிமார் குறைந்து போக, கிண்ணியாவிலிருந்து மீன் கொண்டு வருகிறவர்கள் அந்தக் கண்ணாடியைப் பார்த்துத் தலைப்பாகை கட்டினார்கள். இரும்புக் கால்களின் மேல் தண்ணீர்த் தாங்கி, சாமான் கொட்டகை, விளக்கு அறை எல்லாம் இருந்தன. ஸ்டேசனின் முன்பக்கத்தில், கடலைப் பார்த்தபடி, சுளகளவு முகத்தோடு ஒரு மணிக்கூடு.

மணிக்கூடு ஏன் கடலைப் பார்க்க வேண்டும் என்றால், காரணம் இறங்குதுறை. ஸ்டேசனிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் கிண்ணியா லாஞ்சு வந்து கட்டும். தயிர்ச் சட்டி, மீன் பெட்டி, பாய்க்கட்டு, கோழி, மாப்பிள்ளை வீட்டார், எல்லாம் அந்த லாஞ்சில்தான் வரும். இறங்கினவுடன் எல்லோரும் தலையை நிமிர்த்தி அந்த மணிக்கூட்டைத்தான் பார்ப்பார்கள்.

நான் அங்கே உதவி மாஸ்டராகப் போனபோது எனக்கு இருபத்துமூன்று வயது. சுதந்திரம் கிடைத்து நாலைந்து வருஷம் ஆகியிருக்கும். கொழும்பில் பயிற்சி, பிறகு மூன்று ஸ்டேசனில் எடுபிடி வேலை. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. விதிப் புத்தகத்தை மனப்பாடம் செய்தேன், அவ்வளவுதான். எந்தப் பக்கத்தில் எந்த விதி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். அந்தத் திமிர் என் நடையிலேயே தெரியும் என்று பிறகு பலர் சொன்னார்கள்.

பெரிய மாஸ்டர் ஞானமுத்து. பட்டணத்து மெதடிஸ்த கோயில் ஆள். மெலிந்த உடம்பு, பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைக் கோட். அந்த மனிதன் சத்தம் போட்டுப் பேசி ஒருவரும் கேட்டதில்லை. எதைச் சொன்னாலும் "அப்பிடியோ?" என்பார். சந்தோஷம் என்றாலும் அப்பிடியோ, கோபம் என்றாலும் அப்பிடியோ. கோபம் கூடக்கூடச் சத்தம் குறையும். காதில் விழாத அளவுக்குக் குறைந்தால், தொலைந்தோம் என்று அர்த்தம். இன்னொரு பழக்கம். டெலிபோனைத் தொடுவதற்கு முதல் தொப்பியைப் போட்டுக்கொள்வார். எதிர்ப்பக்கத்தில் இருக்கிறவனுக்குத் தொப்பி தெரியுமா? நான் ஒருநாள் கேட்டேவிட்டேன். "அவருக்குத் தெரியாது தம்பி, எனக்குத் தெரியும்" என்றார்.

இனி அந்தப் பெரிய மணிக்கூட்டுக்கு வருகிறேன். முதல் நாளே பார்த்துவிட்டேன், பத்து நிமிஷம் கூட ஓடியது! கந்தோருக்குள், மாஸ்டரின் மேசைக்கு மேல் இருந்த மணிக்கூடு சரி; ரயில்கள் அதன்படிதான் ஓடின. சனம் பார்க்கிற பெரிய மணிக்கூடு பிழை. சிக்னல்காரரிடம் கேட்டால், "அது அப்பிடித்தான் ஐயா" என்று சிரித்தார். ஏன் அப்படி என்று கேட்க எனக்கு எங்கே பொறுமை? மாஸ்டருக்கு வயது போகிறது, கவனம் இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன்.

நான் போய் மூன்றாம் கிழமை மாஸ்டருக்குக் காய்ச்சல். ஸ்டேசனோடு ஒட்டின குவாட்டர்ஸில் போர்த்துக்கொண்டு படுத்துவிட்டார். சாவிக்கொத்தை என்னிடம் தந்து, "நாலு மணிக்கு ரைம் சிக்னல் வரும். பாத்துக்கொள்ளும்" என்றார். நாள்தோறும் நாலு மணிக்குக் கொழும்பிலிருந்து தந்திக் கம்பியில் சரியான நேரம் வரும். எல்லா ஸ்டேசனிலும் மணிக்கூட்டைத் திருத்திக்கொள்ள வேண்டும். அதுவரை அந்த வேலையை மாஸ்டர் ஒருவர் கையிலும் கொடுத்ததில்லை.

எனக்கு வந்த உற்சாகத்தைச் சொல்லவா! ஏணியைச் சாத்தி ஏறி, கண்ணாடிக் கதவைத் திறந்து, முள்ளைப் பிடித்துப் பத்து நிமிஷம் பின்னால் தள்ளினேன். கண்ணாடியைத் துடைத்தும் விட்டேன். இறங்கி நின்று பார்த்தேன். ஸ்டேசனுக்கு அன்றுதான் உயிர் வந்ததுபோல இருந்தது. மடையன்.

அடுத்த நாள் காலை ரயிலை இரண்டு மூன்று பேர் தவறவிட்டுவிட்டு மூச்சு வாங்க ஓடி வந்தார்கள். என்னவோ சொல்லி முணுமுணுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்கள். சோம்பேறிகள் என்று நினைத்துக்கொண்டேன். அப்போதாவது புத்தி வந்திருக்கக் கூடாதா?

அன்று மத்தியான லாஞ்சில் சுலைஹா ராத்தா வந்து இறங்கினா. கிண்ணியா ஆள். ராத்தா என்றால் அங்கே அக்கா. வயது ஐம்பது இருக்கும், உரத்த குரல், உழைத்து இறுகின கை. பத்து வருஷமாக எங்கள் பிளாட்போர்மில் எருமைத் தயிர் விற்றவ. அவவின் தயிர்ச் சட்டி போகாத ஸ்டேசன் இல்லை. அந்த முறை ஹஜ்ஜுக்குப் போகிறா! தம்பி காசிம் துணை. அன்று பின்னேரம் எங்கள் ரயிலில் ஏறினால் விடியக் கொழும்பு. அங்கே மத்தியானம் கப்பல். எங்கள் பக்கத்திலிருந்து கொழும்புக்கு ஒரு நாளைக்கு அந்த ஒரு ரயில்தான். அதை விட்டால் கப்பலும் இல்லை. பத்து வருஷத் தயிர் அந்த ஒரு கப்பலில் ஏறப் போகிறது.

வழியனுப்ப நாற்பது பேர் வந்திருந்தார்கள். பெண்மக்கள், மருமக்கள், லாஞ்சுக்காரர், பள்ளிவாசல் லெப்பை எல்லோரும். அவவுக்கும் தம்பிக்கும் டிக்கெட் அடித்துக் கொடுத்தவன் நான்தான்.

"தம்பி, ஒங்களுக்கும் துஆ கேப்பன்" என்றா.

எங்கள் ரயில் இரண்டு முப்பத்தெட்டுக்கு வந்து இரண்டு ஐம்பதுக்குப் போகும். மீன் பெட்டி ஏற்றுவதற்காக அந்தப் பன்னிரண்டு நிமிஷம். ரயில் வந்தது. காசிம் பயணப் பெட்டியைக் கொண்டுபோய்ச் சீட்டில் வைத்துவிட்டுத் திரும்ப இறங்குதுறைக்கு ஓடினான். பாஸ்போர்ட், கப்பல் சீட்டு எல்லாம் அந்தப் பெட்டிக்குள். அங்கே மரநிழலில் லெப்பை துஆ ஓதத் தொடங்கினார். கட்டிப்பிடித்து அழுகிறவர்கள் அழுதார்கள். ஆரோ நிமிர்ந்து மணிக்கூட்டைப் பார்த்திருக்கிறார்கள். நாற்பது. அதில் பத்தைக் கழித்தால் முப்பது. ரயில் இன்று நேரத்தோடு வந்துவிட்டது, இன்னும் இருபது நிமிஷம் கிடக்கிறது!

ஓம், எல்லோருக்கும் தெரியும். பெரிய மணிக்கூடு பத்து நிமிஷம் கூட என்பது கிண்ணியாவில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். தெரியாதவன் நான் ஒருவன்தான். லாஞ்சில் வருகிற சனம் ஆறுதலாக நடந்து வந்து ரயிலைத் தவறவிடுவதைப் பார்த்து, மாஸ்டர் பல வருஷத்துக்கு முதலே அதைப் பத்து நிமிஷம் கூட்டி வைத்திருக்கிறார். சனம் அதைக் கண்டுபிடித்து மனதுக்குள் பத்தைக் கழிக்கப் பழகிவிட்டது. கழித்துவிட்டு ஆறுதலாகத்தான் வந்தார்கள், ஆனால் தவறவிடவில்லை. மாஸ்டருக்கும் சனத்துக்கும் இடையில் எழுதாத ஒப்பந்தம். லாஞ்சும் அதன்படி, தேத்தண்ணிக் கடையும் அதன்படி.

இரண்டு ஐம்பது. மணி இரண்டு முறை அடித்தாயிற்று. பெட்டி சீட்டில் இருந்தது. அவ ஏறிவிட்டா என்று நினைத்தேன். போய்ப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பச்சைக் கொடியை ஆட்டினேன். நான் வந்த நாளிலிருந்து ரயில் விநாடி பிசகாமல் வெளிக்கிட்டது அன்றுதான். நெஞ்சு நிமிர நின்றேன்.

விசில் சத்தம் கேட்டுச் சனம் ஓடி வந்தது. என்ன ஓட்டம்! செருப்பு ஒரு பக்கம், குடை ஒரு பக்கம். பிளாட்போர்மின் நுனிக்கு அவர்கள் வரும்போது கடைசிப் பெட்டி வளைவில் மறைந்துகொண்டிருந்தது. சுலைஹா ராத்தா அப்படியே நின்றா. கையில் ஒரு தண்ணீர்ப் போத்தல் மட்டும்.

சத்தம் கேட்டு மாஸ்டர் போர்வையோடு வெளியே வந்தார். ராத்தா அவரைக் கண்டதும் வெடித்துப் போனா.

"மாஸ்டர்! ஒங்கட மணிக்கூட்ட நம்பித்தானே நாங்க வந்த! பத்து வருசமா நம்பின! இப்பிடிச் செஞ்சிட்டீங்களே, நல்லா இருப்பீங்களா நீங்க? அல்லாஹ்ட வீட்டுக்குப் போறவள நடுத்தெருவுல விட்டிட்டீங்களே!"

 மாஸ்டர் முன்பக்கம் நடந்துபோய் மணிக்கூட்டைப் பார்த்தார். மடியில் செருகியிருந்த சங்கிலி மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு என்னை ஒரு தரம் பார்த்தார். ஒரே ஒரு தரம்.

"அப்பிடியோ" என்றார். எனக்குக் காதில் விழவில்லை. உதடு அசைந்ததைத்தான் கண்டேன்.

ராத்தா இன்னும் ஏசிக்கொண்டிருந்தா. அவ ஏசின ஒவ்வொரு சொல்லும் எனக்கு உரியது. நான் கொடியைச் சுருட்டிக்கொண்டு மாஸ்டருக்குப் பின்னால் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் கூசுகிறது.

அதற்குப் பிறகு அந்த மனிதன் செய்ததைத்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும். கந்தோருக்குள் போனார். சாரத்துக்கு மேல் கோட்டைப் போட்டார். பொத்தான் ஒவ்வொன்றாகப் பூட்டினார். எனக்குப் பொறுமை போய், "ஐயா, கெதியா!" என்று கத்தினேன். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு, பிறகுதான் டெலிபோனை எடுத்தார்.  காய்ச்சலிலும் குரல் தெளிவாக இருந்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பாதை ஒற்றைப் பாதை. இரண்டு ஸ்டேசனுக்கு இடையில் ஒரு நேரத்தில் ஒரு வண்டிதான் இருக்கலாம். அதற்கு அத்தாட்சியாக ஒரு வட்டமான பித்தளைத் தகடு, டேப்ளட் என்போம். அது கையில் உள்ளவனுக்குத்தான் பாதை. எங்களுடைய ரயில் ஐந்து மைல் தள்ளியிருந்த அடுத்த ஸ்டேசனில் போய் நின்று, இஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும். அங்கே ஒரு சாமான் ரயில் எங்கள் பக்கம் வருவதற்குக் காத்து நின்றது. மாஸ்டரின் யோசனை இது: சாமான் ரயிலை அங்கேயே மறித்து, எங்கள் ரயிலையும் பிடித்து வைத்து, அந்தப் பாதையில் எங்கள் ட்ரொலியில் ராத்தாவை அனுப்புவது! ட்ரொலி என்றால் தண்டவாளம் பார்க்கிற ஆட்கள் தள்ளிக்கொண்டு போகிற நாலு சில்லுப் பலகை. அதில் பயணி ஏறக்கூடாது. எத்தனையாம் விதி என்றுகூட எனக்குத் தெரியும்.

இரண்டு ரயிலை மறிக்க, ரயில் ஓட்டத்தை நடத்துகிற கொன்ட்ரோலின் அனுமதி வேண்டும். கொன்ட்ரோல்காரர் காரணம் கேட்டார். பக்கத்தில் நின்ற எனக்கே அவர் கத்தினது கேட்டது.

மாஸ்டர் சொன்னார்: "என்ர பிழை. பொது மணிக்கூட்டைப் பத்து நிமிஷம் கூட்டி ஓடவிட்டனான். பல வருஷமா. அதால இண்டைக்குப் பயணிகள் ஏமாந்து போச்சினம்."

 எழுத்தில் தருவீரா என்று அந்தப் பக்கத்தில் கேட்டார்.

"தருவன்."

நான் வாய் பிளந்து நின்றேன். மணிக்கூட்டைச் சரியாக்கினவன் நான். விதிப்படி என் மேல் தூசும் ஒட்டாது. கூட்டி வைத்ததுதான் குற்றம். அதை அவர் தன் வாயாலேயே ஒப்புக்கொடுக்கிறார். உதவி மாஸ்டர் முந்தாநாள் வந்த பொடியன், சொல்லாமல் மாற்றிவிட்டான் என்று ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"நாலு மணி மட்டும்தான்" என்றது கொன்ட்ரோல். "அதுக்கு மேல ஒரு நிமிஷமும் ஏலாது."

மாஸ்டர் டேப்ளட்டை எடுத்து, வளையம் வைத்த தோல் பையில் போட்டு, என் தோளில் மாட்டினார்.

"நீர் போம். சிவப்புக் கொடியையும் கொண்டுபோம்."

மூன்று இருபத்திரண்டு. ட்ரொலிக் கங்காணி பியசேனவும் மூன்று ஆட்களும் சோற்றுக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தார்கள். பியசேன சிங்களவர், எங்கள் பக்கத்திலேயே வளர்ந்தவர். ராத்தாவைப் பலகையில் இருத்தினோம்.

"அம்மா, நல்லா புடிச்சிக்கோ. இது ஓடுறது இல்ல, பறக்கிறது!" என்றார் பியசேன.

பறந்தோம்! இரண்டு பேர் தண்டவாளத்தின் மேல் வெறுங்காலோடு ஓடித் தள்ளுவார்கள். வேகம் பிடித்ததும் தாவி ஏறுவார்கள். களைத்தால் மற்ற இருவர் இறங்கித் தள்ளுவார்கள். காசிமும் தள்ளினான். தண்டவாளத்தில் ஓடத் தெரியாமல் சல்லிக் கல்லில் ஓடிக் கால் கிழிந்து ரத்தம். விடவில்லை. நான் கொடியையும் பிடித்துக்கொண்டு மணியையும் பார்த்துக்கொண்டு, "தள்ளுங்கோ, தள்ளுங்கோ!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். ராத்தா கண்ணை மூடிக்கொண்டு ஓதினா. குடாவின் காற்று முகத்தில் அடித்தது. கப்பல்துறைப் பக்கத்துக் காடு இரண்டு பக்கமும் ஓடியது. மூன்று நாற்பது. பாதித் தூரம் தாண்டிவிட்டோம். பிடித்துவிடுவோம் என்று எனக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

சிரிப்பு அப்படியே நின்றது. வளைவு திரும்பினால் பாதை முழுக்க எருமை! முப்பது நாற்பது இருக்கும். இரண்டு பக்கமும் சேற்றுப் பள்ளம், நடுவில் மேட்டில் தண்டவாளம். மேட்டில் ஏறி ஆறுதலாகக் கிடக்கின்றன. பியசேன பிரேக்கை அழுத்தினார். கத்தினோம், கல் எறிந்தோம், பலகையில் தட்டினோம். ஒன்று காதை ஆட்டியது, அவ்வளவுதான். நான் ஆத்திரத்தில் குதித்து முன்னுக்குப் போய்ச் சிவப்புக் கொடியை விரித்து வீசினேன். கிடாய் ஒன்று எழும்பியது. தலையைக் குனிந்தது.

"அட, கொடிய மடிங்க தம்பி!" என்று பின்னால் ஒரு அதட்டல். "படிச்ச புள்ளக்கு இதுகூடத் தெரியாதா? பேசாம நில்லுங்க."

ராத்தா இறங்கி வந்தா. சேலையை இடுப்பில் செருகினா. நேரே நடுவில் போனா. கிடாயை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஓரத்தில் கிடந்த ஒரு கிழட்டு மாட்டின் பக்கத்தில் போய் நின்று, அதன் கழுத்தைத் தட்டி, நாக்கை மேலண்ணத்தில் அடித்து ஒரு சத்தம். பிறகு, "ஹோ… வா, வா, வா… எழும்பு மகள்… ஹோ…" என்று இழுத்தா. கிழட்டு மாடு எழும்பியது. உடம்பைச் சிலிர்த்தது. பள்ளத்தில் இறங்கியது. அதற்குப் பின்னால் ஒவ்வொன்றாக முழுப்பட்டியும் இறங்கியது. கடைசியில் அந்தக் கிடாயும் ஒன்றும் நடக்காததுபோல இறங்கிப் போனது.

"முன்னுக்குப் போற மாட்டைத் தெரியணும்" என்று சொல்லிக்கொண்டே ராத்தா ஏறி இருந்தா. "தள்ளுங்க!"

மூன்று நாற்பத்தேழு. மிச்சத் தூரத்தை எப்படி ஓடினோம் என்று எனக்குத் தெரியாது. நானும் இறங்கித் தள்ளினேன். நாலு மணிக்கு ஸ்டேசனின் கைகாட்டி தெரிந்தது. நாலு ஒன்று. ரயில் நிற்கிறது! நிற்கிறது! இஞ்சின் டிரைவர் எண்ணெய்ப் பேணியோடு குனிந்து ஒரே சில்லுக்குத் திரும்பத் திரும்ப எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் நிமிர்ந்து, மீசைக்குள் சிரித்துவிட்டு ஏறிக்கொண்டார்.

ராத்தாவையும் காசிமையும் தூக்காத குறையாக ஏற்றினோம். பெட்டி சீட்டில் வைத்தபடி இருந்தது. பயணிகள் கைதட்டினார்கள். பியசேன தண்டவாளத்திலேயே குந்திவிட்டார். எனக்கு நெஞ்சு வெடிக்கிற சந்தோஷம். ராத்தா யன்னலால் தலையை நீட்டி என் கையைப் பிடித்தா. அழுகிறா.

"தம்பி, ஒரு உதவி செய்யணும். ஒருத்தர்ர மனசை நோகடிச்சிட்டு அந்த மண்ண மிதிக்கக்கூடாது. மாஸ்டர வாய்க்கு வந்தபடி ஏசிட்டன். பாவம், காச்சல்காரன். நான் பொறுப்புக் கேட்டதாச் சொல்லுங்க. பொறுத்துக்கச் சொல்லுங்க."

சரி ராத்தா என்று சொன்னால் முடிந்தது. விசில் ஊதியாயிற்று. ஒரு சொல்தானே. என்னால் சொல்ல முடியவில்லை.

"ராத்தா, மணிக்கூட்டைத் திருப்பினது நான். மாஸ்டருக்குத் தெரியாது. நான்தான்."

அவ கையை எடுத்துவிட்டா. ரயில் அசைந்தது. நான் கூடவே நடந்தேன். அவ என்னைப் பார்த்தபடி இருந்தா. ஏசினாலாவது பரவாயில்லை என்று இருந்தது எனக்கு.

"அப்ப எனக்காக நீங்க கேக்கேலாது" என்றா. "ஒங்களுக்காகக் கேளுங்க. என்ட மன்னிப்ப நான் வந்து கேப்பன்."

திரும்பி வந்து பார்த்தால் நாற்பது பேரும் பிளாட்போர்மில் அப்படியே இருந்தார்கள். "ஏறிட்டா!" என்று தூரத்திலேயே கத்தினேன். அந்த ஆரவாரத்தை நான் இன்னும் மறக்கவில்லை. லாஞ்சுக்காரர் என்னைத் தோளில் தூக்கப் பார்த்தார். உதறிவிட்டுக் கந்தோருக்குள் போனேன். மாஸ்டர் கோட்டோடும் தொப்பியோடும் மேசையில் எழுதிக்கொண்டிருந்தார். மேலிடத்துக்கு விளக்கக் கடிதம்.

"ஐயா, அதில என்ர பேரையும் எழுதுங்கோ. என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கோ" என்றேன்.

அவர் நிமிரவில்லை. "நீர் செய்தது விதிப்படி சரி தம்பி. சரியாச் செய்ததுக்கு நான் எப்பிடி மன்னிப்புக் குடுக்கிறது?"

கோபத்தில் சொன்னாரா, உண்மையாகவே அப்படி நினைத்தாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. அதற்குப் பிறகு என்னோடு முகம் கொடுத்துக் கதைத்தார்; தேத்தண்ணி பகிர்ந்தார். அந்தக் கதையை மட்டும் எடுக்க விடவில்லை. இரண்டு மாதத்தில் உத்தரவு வந்தது. சம்பள உயர்வு நிறுத்தம், மலைநாட்டில் ஒரு சின்ன ஸ்டேசனுக்கு மாற்றம். கடலோரத்தில் பிறந்து வளர்ந்த மனிதன் கம்பளிச் சட்டை தைப்பித்துக்கொண்டு போனார். நான் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தேன். "வாறன் தம்பி" என்றார். அவ்வளவுதான். நான் என்ன செய்வேன்? விதிப் புத்தகத்தைத் திறக்கவே எனக்கு வெறுத்துப் போயிற்று.

அதற்குப் பிறகுதான் ஒரு காலை ரயிலில் சுலைஹா ராத்தா திரும்பி வந்தா. கறுத்து மெலிந்திருந்தா. முகம் மட்டும் விளக்கு மாதிரி. நாற்பது பேர் அல்ல, கிண்ணியாவில் பாதி வந்து நின்றது. நபியின் மேல் சொன்ன ஸலவாத்துச் சத்தத்தில் இஞ்சின் சத்தம் கேட்கவில்லை. அவ எல்லோரையும் விலக்கிக்கொண்டு நேரே கந்தோர் வாசலுக்கு வந்தா.

"மாஸ்டர் எங்க?"

சொன்னேன். எங்கே, எதனால், எல்லாம் சொன்னேன்.

"நீங்க கேட்டீங்களா?"

"கேட்டனான் ராத்தா. தரயில்ல."

 "ரெண்டு நாள் லீவு எடுங்க. நாளண்டைக்குத் தயிரோட வாறன்."

போனோம்! அவ, காசிம், நான். இரண்டு ரயில் மாறி, குளிரில் பல்லுக் கிட்டித்து, மடியில் தயிர்ச் சட்டியோடு ஒரு பயணம். ராத்தா வழி முழுக்கக் கப்பல் கதை, மக்கத்துக் கதை. பெட்டியில் இருந்த அத்தனை பேரும் வாய் பிளந்து கேட்டார்கள். நான்தான் மாஸ்டரிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்த ஸ்டேசன் பிளாட்போர்மில் மாஸ்டர் கம்பளிச் சட்டைக்கு மேல் கோட்டைப் போட்டுக் கொடியோடு நின்றார். எங்களைக் கண்டு கொடியைக் கீழே இறக்கினார். ராத்தா சட்டியைக் கீழே வைத்துவிட்டு அவருக்கு முன்னால் போய் நின்றா.

"மாஸ்டர், அண்டைக்கு ஒங்கள ஏசிட்டன். அங்க போய் நிண்டும் அதுதான் நெஞ்சுக்குள்ள கிடந்திச்சு. பொறுத்துக்கங்க."

"அய்யோ ராத்தா, அது எப்பவோ பொறுத்தாச்சு. இதுக்காகவோ இவ்வளவு தூரம்?"

"இந்தத் தம்பியையும் பொறுத்துக்கங்க."

மாஸ்டர் என்னைப் பார்த்தார். "இவர் என்ன பிழை செய்தவர்?"

நான் தலையைக் குனிந்தேன். ராத்தா விடவில்லை. "கேக்காமக் கொள்ளாம மணிய சரியாக்கிட்டார்" என்றா. "ஊர்ல இருக்கிற எல்லாரும் ஒண்டாச் சேர்ந்து பிழையா வச்சிருந்தத, ஆரிட்டையும் ஒரு வார்த்த கேக்காமச் சரியாக்கிட்டார்."

மாஸ்டர் சிரிக்கத் தொடங்கினார். சத்தமாக! ஞானமுத்து மாஸ்டர் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அன்று ஒரு நாள்தான். கண்ணில் நீர் வர, என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"அது பெரிய பிழைதான் தம்பி" என்றார். "பொறுத்தாச்சு."

நான் பிளாட்போர்மில், அத்தனை பயணிகளுக்கு முன்னால், சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். ரயில் நேரம் தாண்டி நின்றுகொண்டிருந்தது. கார்ட் பின்னாலிருந்து கத்தினார். மாஸ்டர் கொடியை ஆட்டி அதை அனுப்பிவிட்டு, தயிர்ச் சட்டியைத் தானே தூக்கிக்கொண்டு, எங்களைக் குசினிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.